பதில்கள் எல்லாம் சரி

செவ்வாய்க்கிழமை

ஆகுர்டி கார் கம்பெனியில் ஃபிட்டராக இருக்கும் முருகேசன் அண்ணாவுக்கு இன்று பலூன் சோதனை. கழுத்துக் கட்டியோடு மூளைக்கு ரத்தம் போகும் ஒரு குழாயையும் எடுக்க வேண்டும். அது இல்லாமல் மூளை தாங்குமா என்று முதலில் பலூனால் அடைத்துப் பார்ப்பார்கள். மூளை அலைகளைக் கவனிப்பது என் வேலை. இந்த ஊர் ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், அடைத்திருக்கும்போது அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் என்னையே கேட்கச் சொன்னார்கள்.

அண்ணா நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தார். மகள்களின் பெயர்களைச் சொன்னார். கியர்பாக்ஸை எப்படிப் பூட்டுவது என்று உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தபோது திரையில் இடது பக்க அலைகள் மந்தமாகின. ஒயர் கழன்றிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே அவர் தலையைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒட்டித்தான் இருந்தது.

"சார், ஸ்லோ ஹோ ரஹா ஹை." அலை மந்தமாகிறது என்று டாக்டரிடம் இந்தியில் சொன்னேன்.

டாக்டர் உடனே பலூனைச் சுருக்கினார். மூளை தாங்கவில்லை; இனி அந்தக் குழாயைத் தொட முடியாது. கட்டி அங்கேயேதான் இருக்கும்.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்மா? எல்லாம் சரியாத்தான சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னீங்கண்ணா."

வேறென்ன சொல்வேன்? சோதனையின் முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெச்சர் வெளியே போனது. கதவு மூடுவதற்குள் அவர் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"செல்வி, பாஸாயிட்டேன்."