ஏஜென்சியா, தனி ஆளா

செப்டம்பர் 3, 1986. புதன்

காலையிலிருந்து தூறல். அலுவலகக் கூரையில் அதே இடத்தில் ஒழுகல். கீழே அதே வாளி.

மேனேஜர் மிஸ்டர் லீ கூப்பிட்டார். ஐந்து ரப்பர் எஸ்டேட்டின் செக்ரோலும், தொழிலாளர் கணக்கு முழுக்க, கம்ப்யூட்டருக்குப் போகிறதாம். வருகை, எடை, பிடித்தம், சம்பளம், எல்லாம். இயந்திரம் வாங்கியாகிவிட்டது. புரோகிராம் எழுதத்தான் ஆள் இல்லை.

“நீ படித்தவள். விசாரி. ஏஜென்சி மூலம் ஆள் எடுப்பதா, தனியாக வேலை செய்கிறவன் ஒருவனைப் பிடிப்பதா? ஒரே பக்கம். பதினைந்தாம் தேதிக்குள். நீ எழுதுவதுதான் முடிவு.”

நான் படித்தது பொருளாதாரம். கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை.

தொட்டவன் ஒருவன் இருக்கிறான். என் அண்ணன் சேகர். ரவாங் தொழிற்சாலையில் பதினொரு வருடம். கடைசி நான்கு வருடம் அங்கேயே கம்ப்யூட்டர் அறையில், பார்த்துப் பார்த்துக் கற்றது. மார்ச்சில் ஆட்குறைப்பு. ஆறு மாதமாக வீட்டில்.

லீயிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் போனை எடுத்துவிட்டார். வெளியே வந்தேன். போன் பேசி முடித்த பிறகும் போய்ச் சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 6, சனி

கோலாலம்பூர். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், பக்கத்து இருக்கையில் கருவாட்டு மூட்டை.

மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. சுவரில் பலகை. தனியாக வேலை எடுப்பவர்கள் அதில் கார்டு குத்தி வைக்கிறார்கள். பெயர், தெரிந்த மொழிகள், யார் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். கல்லாவில் ஒரு நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். வேலை கொடுத்தவர்கள் வந்து எழுதுகிறார்கள்.

“நல்ல ஆள்.”
“நல்ல ஆள். போனை எடுக்க மாட்டான்.”
“பாதியில் ஆஸ்திரேலியா போய்விட்டான். யாரும் நம்பாதீர்கள்.”

புரட்டினேன். சேகரன் த/பெ பெருமாள், ரவாங். அவன் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

கடைக்காரச் சீனர் எட்டிப் பார்த்தார். புது ஆளாம். யாரும் இன்னும் எடுக்கவில்லையாம். எழுதாத பக்கத்தைப் பார்த்து யாரும் எடுப்பதில்லை, எடுக்காததால் யாரும் எழுதுவதில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார். நல்ல மனிதர்தான்.

மதியம் ஏஜென்சி. குளிர்சாதனம். கம்பளம். தேநீர் தந்த பெண்ணின் நகப்பூச்சு. அவர்களிடம் பதினேழு புரோகிராமர்கள். ஒருவரையும் நான் பார்க்கவில்லை. மடிப்பிதழ் ஒன்று கொடுத்தார்கள். வழவழப்பு.

செப்டம்பர் 7, ஞாயிறு

ரவாங். வெயில்.

அண்ணிக்கு எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. நெத்திலி சம்பல் வைத்திருந்தார்.

அண்ணன் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. தாளில் பென்சிலால் புரோகிராம் எழுதுகிறான். எழுதி முடித்ததும் ஆள்காட்டி விரலை முதல் வரியில் வைத்து நகர்த்துகிறான். திரும்ப வேண்டிய இடத்தில் விரல் திரும்பி மேலே போகிறது. தலைக்குள் ஓடுகிறதாம். தப்பு வந்தால் விரல் நின்றுவிடும்.

“அண்ணே, எங்க ஆபீசுக்கு ஆள் வேணுமாம். செக்ரோலுக்கு.”

விரல் நின்றது.

“அந்தப் போர்டுல கார்டு பாத்தோம்னு லெட்டர் போடு. மத்தவங்கள கூப்புடற மாதிரி கூப்புடு. வரேன்.”

“நீ என் அண்ணன்னு மிஸ்டர் லீகிட்ட...”

“சொல்லாத. தங்கச்சி சொல்லித்தான் எடுத்தாங்கன்னா அந்த வேலைக்கு என்னா மரியாத?”

அடுக்களையிலிருந்து அண்ணி: “மரியாததானே, இருக்கு. வேக வெச்சுத் தரேன், அண்ணனும் தங்கச்சியும் சாப்புடுங்க.”

மூன்று பேரும் சிரித்தோம். அண்ணிதான் முதலில் நிறுத்தினார்.

பிறகு பஸ் நிலையம் வரை நடக்கையில் சொன்னான். சிங்கப்பூரில் கூட்டாளி ஒருவன், கப்பல் பட்டறை ஸ்டோரில். அங்கே இடம் இருக்கிறது. சாமான் எண்ணும் வேலை. மாதக் கடைசிக்குள் பதில் போட வேண்டும். பிள்ளை பிறக்கிற நேரம். போக மனமில்லை.

“இது கெடச்சுதுன்னா போக மாட்டேன் லா” என்றான். இதை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

செப்டம்பர் 12, வெள்ளி

நேர்காணல் இரண்டும் இன்றே.

பத்து மணிக்கு ஏஜென்சிக்காரர். கறுப்புக் கார். ஆள் வராவிட்டால் மாற்று ஆள், சரியில்லை என்றால் மாற்று ஆள். மூன்று முறை சொன்னார். புரோகிராம் ஏற்கெனவே தயாராம். பல தொழிற்சாலைகளில் ஓடுகிறதாம். கொஞ்சம் வெட்டித் தைத்தால் போதும்.

பதினொன்றரைக்கு அண்ணன். கல்யாணச் சட்டை. முழங்கை தேய்ந்திருந்தது.

“குட் மார்னிங், மிஸ்” என்றான் என்னிடம்.

“உட்காருங்கள், மிஸ்டர் சேகரன்” என்றேன்.

லீயின் கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில். இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறியது. நான் குறிப்பெடுப்பதுபோல் தலை குனிந்திருந்தேன். கடைசியில் அவன் ஒன்றே ஒன்று கேட்டான். செக்ரோல் எழுதும் பெரிய கிராணியைப் பார்க்கலாமா?

கிராணி வந்தார். இருவரும் தமிழில். அரை மணி நேரம். எத்தனை ராமசாமி, எத்தனை முனியம்மா, ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தால் எப்படிக் கூப்பிடுவீர்கள், காலையில் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் வராவிட்டால் யாரிடம் கேட்பீர்கள். கிராணி சிரிக்கிறார், தொடையில் தட்டுகிறார். லீக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு முறை கடிகாரம் பார்த்தார். மொழிபெயர்த்துச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். சொல்லவில்லை. அவனுக்காகப் பேசுவதுபோல் ஆகிவிடும் என்று.

போன பிறகு தேநீர்க் குவளைகளை எடுக்க வந்த லெட்சுமி அக்கா: “மிஸ், வந்தாரே அந்த ஆளு, அவருக்கு அப்படியே ஒங்க மூக்கு லா.”

“எல்லாருக்கும் மூக்கு இருக்கு, அக்கா.”

“இருக்கு. இப்படி இல்ல.”

செப்டம்பர் 14, ஞாயிறு

ரவாங் போகவில்லை. துணி துவைத்தேன். தலைவலி. ஒரு பக்கம் எழுத நான்கு மணி நேரம்.

ஏஜென்சி:
ஒருவர் விழுந்தால் இன்னொருவர்.
ஒப்பந்தம் உண்டு. கேட்க முகவரி உண்டு.
செலவு கூட.
எஸ்டேட்டைப் பார்த்ததே இல்லை.

தனி ஆள்:
செலவு குறைவு.
எஸ்டேட் தெரியும்.
விழுந்தால் யாரும் இல்லை. அவன் எழுதியதை வேறு யாரும் வாசிக்கவும் முடியாது.
முன்பு தனி வேலை கொடுத்தவர் என்று ஒருவரும் இல்லை.

மேலே உள்ளவற்றில் பொய் ஒன்றும் இல்லை. பல முறை படித்துவிட்டேன். அவன் யாரோ ஒருவனாக இருந்தால் என்ன எழுதுவேன்? அவனைத்தான் எழுதுவேன் என்று ஒரு கணம். இல்லை என்று மறு கணம். யாரோ ஒருவனாக அவனை என்னால் பார்க்க முடியவில்லை. என் படிப்புக்காக அவன் ஓவர்டைம் பார்த்த மூன்று வருடமும் நான் பல்கலைக்கழக நூலகத்தில். அந்தக் கண்ணால் எப்படி எடை போடுவது.

சொந்தக்காரனை உள்ளே கொண்டுவந்தாள் என்று ஒருவர் சொல்லிவிடக்கூடாது. இது நேர்மையா, பயமா? இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது.

ஏஜென்சி என்று எழுதினேன்.

செப்டம்பர் 15, திங்கள்

கொடுத்தாயிற்று. லீ இரண்டு நிமிடம் படித்தார். “தெளிவாக இருக்கிறது.” கையெழுத்து. அடுத்த கோப்பு.

மத்தியானம் சாப்பிடவில்லை. வேலை இருந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

மழை. ரவாங் பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை, இடது தோள் முழுக்க ஈரம்.

அலுவலகக் கடிதம் எனக்கு முன்னே போய்விட்டது. மேசையில் இருந்தது. “வருந்துகிறோம்” கடிதம். டைப் அடித்தவள் நான். கீழே லீயின் கையெழுத்து.

“முடிவெடுத்தது யாரு, மேனேஜரா?”

“நாந்தான் எழுதுனேன், அண்ணே.”

துண்டு எடுத்துக் கொடுத்தான். தலை துவட்டச் சொன்னான்.

“என்னா காரணம் போட்ட?”

“ஒரே ஆளா இருந்தா... ஒடம்புக்கு முடியாம போச்சுன்னா, கேக்கறதுக்கு வேற ஆள் இல்ல...”

“சரிதான். நானா இருந்தாலும் அதத்தான் போட்டிருப்பேன்.”

கோபப்பட்டிருக்கலாம். படவில்லை. நான் எழுதியதில் ஒரு வரியைத் திருத்தவும் செய்தான். ஒப்பந்தத்தில், புரோகிராமின் நகலை ஏஜென்சி நம்மிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சேர்க்கச் சொன்னான். “இல்லாட்டி அவங்ககிட்டயே மாட்டிக்குவீங்க.”

வாசலில் செருப்பு மாட்டும்போது அண்ணி மட்டும் வந்தார்.

“தேவி. அவரு சொல்லாதன்னாரு, சரி. நீ அண்ணன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தத் தாள வேற யாராச்சும் எழுதியிருப்பாங்கல்ல?”

எழுதியிருப்பார்கள். இந்தப் பத்தொன்பது நாளில் எனக்குத் தோன்றவே இல்லை. சொன்னால் அவனுக்குச் சலுகை, சொல்லாவிட்டால் நியாயம். இவ்வளவுதான் யோசித்தேன். விலகிக்கொள்ளலாம் என்று யோசிக்கவில்லை.

அண்ணி குடை கொடுத்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு

அண்ணன் கிளம்பினான். ஒரு பெட்டி. ஒரு பை. பென்சில் தாள்களை எடுத்துக்கொள்ளவில்லை.

ரவாங் பஸ் நிலையத்தில் எல்லாரும் எதையெல்லாமோ பேசினோம். தண்ணீர்க் குழாய் மாற்ற வேண்டியது. பக்கத்து வீட்டு போன் எண். அண்ணியை மருத்துவமனைக்கு யார் கூட்டிப்போவது. நான்தான். லீவு சொல்லிவிட்டேன்.

“தீபாவளிக்கு வருவியா, அண்ணே?”

“சேந்து மூணு வாரத்துல யாரு லீவு தருவா? சாமான் எண்ணிக்கிட்டிருப்பேன்.”

பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து “குட் மார்னிங், மிஸ்” என்றான். சிரிக்கவைக்கத்தான். அண்ணிக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 29, புதன்

பெண் குழந்தை. விடியற்காலை. இரண்டு பேரும் நலம்.

பக்கத்து வீட்டிலிருந்து சிங்கப்பூருக்குப் போன். பட்டறையில் யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, வேறொரு சேகர் வந்தார். மறுபடி போட்டோம். “யாரு மாதிரி இருக்கு?” என்றுதான் முதலில் கேட்டான். பதில் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது.

மூக்கு எங்கள் மூக்கு.

நவம்பர் 7, வெள்ளி

கம்ப்யூட்டரில் முதல் சம்பளப் பட்டியல். நானும் வேனில் எஸ்டேட்டுக்கு. ஏஜென்சியின் பையன் நேற்றே கோலாலம்பூர் திரும்பிவிட்டான். மரியாதையான பிள்ளை. ஒரு முறைகூட எஸ்டேட்டுக்கு வரவில்லை, வரச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

ஆபீஸ் முன்னால் வரிசை. கிராணி நீளத் தாளைப் பிரித்தார். உரக்க:

“கறுப்பன்!”

யாரும் வரவில்லை.

“கறுப்பன்!”

வரிசையில் இருந்து ஒரு கிழவி. பால்மரம் வெட்டுகிறவர். “கிராணியாரே, கறுப்பன் எங்கப்பன். செத்து முப்பது வருசம் ஆவுது. அவருக்கு இப்பத்தான் சம்பளம் ஏறுச்சா?”

களம் முழுக்கச் சிரிப்பு.

கம்ப்யூட்டர் எல்லாரையும் தகப்பன் பெயரில் அடுக்கியிருக்கிறது. தொழிற்சாலைச் சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால். அதே புரோகிராம் இங்கே தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது. பெயர்க் கட்டம் சின்னது; தகப்பன் பெயர் விழுந்ததும் நிறைந்துவிட்டது. சொந்தப் பெயருக்கு இடம் இல்லை.

கிராணி வேறு வழியில்லாமல் தொடர்ந்து வாசித்தார். மாரிமுத்து. வீரன். அங்கமுத்து. முதலில் கேலி. “ஏய், ஒங்கொப்பன கூப்புடுறாங்க, போடா!” “எங்கொப்பன் கள்ளுக்கடையில இருக்காரு, வர மாட்டாரு!” பிறகு கேலி குறைந்தது. ஒருவர் பின் ஒருவராக, செத்துப்போன அப்பாக்களின் பெயருக்குக் கை தூக்கி முன்னால் வந்தார்கள். ஒரு நடுத்தர வயது ஆள் வாங்கிக்கொண்டு லயத்து வீடுகள் பக்கம் போகாமல் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

“பெருமாள்!”

திடுக்கிட்டேன். வேறு பெருமாள். வேறு யாருடைய அப்பாவோ. நானும் அண்ணனும் இந்தத் தாளில் இருந்திருந்தால் அடுத்தடுத்த வரி.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன், யாரும் பார்க்கப் போவதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேன் திரும்பும் வழியெல்லாம். அவனாக இருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. லீயிடம் போய் என் முடிவு தவறு என்று சொல்லலாம். அவன் அண்ணன் என்றும் சொல்லலாம். திரும்பக் கூப்பிடலாம். குழந்தையைப் பார்க்க வருவான்.

லீ ஊரில் இல்லை. திங்கட்கிழமைதான்.

நவம்பர் 10, திங்கள்

நல்ல வெயில். ஒழுகின இடத்தில் கூரை காய்ந்திருக்கிறது.

எட்டு மணிக்கே லீ அறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸில் மனப்பாடம் செய்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார். ஊரிலிருந்து திரும்பியதும், நேற்றிரவே, கிராணி அவர் வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாராம். ஏஜென்சியுடன் பேசியாகிவிட்டது. ஆள் வழியில் இருக்கிறார்.

பத்தரைக்கு வந்தார். முன்பு வந்த பையன் இல்லை, வேறொருவர். அந்தப் பையனுக்கு அம்மை போட்டிருக்கிறதாம். இவர் தாளைப் பார்த்தார், கிராணியிடம் நான்கு கேள்வி கேட்டார், தட்டினார். மூன்று மணிக்குப் புதுப் பட்டியல். முனியம்மா முனியம்மாவாக. ஒரே பெயர்களுக்கு லய எண். தப்பே இல்லை. தேடிப் பார்த்தேன்.

மாலை லீ கூப்பிட்டார். “பார்த்தாயா? ஒருவனை மட்டும் நம்பியிருந்தால், அவனுக்கு அம்மை போட்டிருந்தால், இன்று நமக்குச் சம்பளப் பட்டியல் கிடையாது. நீ எழுதியது சரி.”

சரிதான். ஒவ்வொரு வரியும் சரி.

கோப்பை மூடும்போது அந்த “வருந்துகிறோம்” கடிதத்தின் நகல் கண்ணில் பட்டது போலிருக்கிறது. “அந்த ரவாங் ஆள். அவனுக்கு ஏதாவது வேலை கிடைத்ததா?”

“சிங்கப்பூர் போய்விட்டதாகக் கேள்வி, சார்.”

“நல்லது. உனக்குத் தெரிந்தவனா?”

இல்லை, அன்று ஒரு நாள் பார்த்ததுதான் என்றேன். இங்கிலீஷில். தடுமாறாமல் வந்தது.