ரீபா பேரில் போட்ட காணிக்கைக் கவர்

ஏலே எஸ்றா, நல்லா இருக்கியா, ஸ்வீட்லினுக்கு வாந்தி நின்றதா? வயிற்றுப் பிள்ளைக்காக உன் அம்மா தினமும் முழங்காலில் நிற்கிறாள். கர்த்தர் கிருபையில் இங்கே நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நடமாடுகிறோம், உன் தங்கச்சி ரீபா உயிரோடு இருக்கிறாள். அவள் பேரை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். மேலப்பாளையம் சேக் முகம்மது பாய் மகன் முஆத் லீவு முடிந்து குவைத்துக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு, எழுத்து கோணலாகத்தான் இருக்கும், கடைசிவரை வாசி.

கீழவயல் வாழை குலை தள்ளிவிட்டது, ஆற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை, பன்றிதான் தொந்தரவு. பன்றியை விரட்ட வெடி போடப்போய் உன் பெரியப்பா வேட்டியில் தீப்பிடித்த கதை ஒன்று இருக்கிறது, அது கிடக்கட்டும். நான் சொல்லவந்தது ரீபா கதை. நீ அங்கே போன பிறகு அவளைப் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனது உனக்குத் தெரியும். பேயும் இல்லை, கொழுப்பும் இல்லை, பார்டர்லைன் என்று ஒரு சீக்கு என்றார்கள். காலையில் எங்கப்பா மாதிரி உண்டா என்பாள், வயலிலிருந்து நான் அரைமணி பிந்தி வந்தால் என்னையத் தலைமுழுகிட்டீருல்லா என்று தட்டை வீசுவாள், அதுதான் சீக்கு. எல்லாரும் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்கிற பயம் ஒன்று உள்ளே ஓயாமல் கிடக்கிறதாம். வியாழக்கிழமைதோறும் போய்ப் பேசணும், கையை அறுத்துக்கொள்ளத் தோன்றினால் அந்த நேரத்தைத் தாண்டுவது எப்படி என்று அங்கே பழக்குகிறார்கள். மாத்திரை கொஞ்சந்தான், பழக்கந்தான் மருந்து. ஏழு மாதம் விடாமல் போனாள், ஏழு மாதமும் கையில் ஒரு புதுக் கீறல் இல்லை. டாக்டரம்மா என்னிடம், ரொம்பக் கொண்டாடாதீங்க ஐயா, இன்னும் நாள் இருக்கு என்று சொல்லத்தான் செய்தார்கள். எனக்கு ஏறவில்லை.

ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. காணிக்கை ஏலத்துக்குக் கொண்டுவந்த சேவல் ஒன்று கட்டை அறுத்துக்கொண்டு ஆல்டர் பக்கம் ஏறி நின்று கூவிவிட்டது, இங்கன ஏசுவை மறுதலிச்ச பேதுரு யாருவே என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்க சபையே சிரித்தது, பாதிரியார் ஐயரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்கு முன்னே சபைச் செயலாளர் சத்தியநேசன் காணிக்கைக் கவர்களை வாசிக்க ஆரம்பித்தார். உனக்குத் தெரியுமே, பிறந்தநாள், பரீட்சை பாஸ், மூட்டு ஆபரேஷன் என்று கவர் மேல் எழுதினதைப் பேரும் காரணமும் சொல்லி மைக்கில் வாசிப்பார். என் கவரும் வந்தது. ஞானசிகாமணி குடும்பத்தார், மகள் ரீபா கையை அறுப்பதை விட்டு ஏழு மாதம் ஆனதற்காக ஸ்தோத்திரம். நான் எழுதினதுதான். வாசிப்பார்கள் என்று நினைக்கவில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன், அது பொய். வாசிக்கணும் என்றுதான் எழுதினேன். பிள்ளையை வளர்க்கத் தெரியாதவன் என்று என்னைப் பேசின ஊர் கேட்கட்டும் என்று எழுதினேன்.

ஆராதனை முடிந்ததும் உன் சாலோமி சித்தி கோயில் வாசலில் வைத்து ரீபா கையைப் பிடித்து, பத்துப் பேர் பார்க்க, சுடிதார் கையை மேலே தள்ளினாள். "பாப்போம்ட்டி, ஏ யம்மா, கோடு போட்ட நோட்டு மாதிரில்லா இருக்கு" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். பக்கத்தில்தான் நின்றேன் எஸ்றா, பிடுங்கி விட்டிருக்கலாம், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ரீபா வீட்டுக்கு வந்து எதையும் வீசவில்லை, கத்தவும் இல்லை. "நான் ஒருத்தி மட்டும் எண்ணிக்கிட்டு இருந்த நாளு அது, அதையும் எடுத்து ஊருக்குக் குடுத்துட்டீரு" என்றாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். அங்கே போகிற வழியில் ஆட்டோவில் அவள் தலை என் மடியில், நான் என்ன சொன்னேன் தெரியுமா, "சாகுறவ சொல்லிக்கிட்டா சாவா, எங்களை ஏம்ட்டி வதைக்க" என்றேன். பெற்றவன் சொன்னேன். அதற்குப் பிறகு ஐந்து வாரம் டாக்டரம்மாவிடம் போகவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை, சோறு வைத்தால் நான் எழுந்துபோன பிறகு வந்து சாப்பிடுவாள்.

டாக்டரம்மா என்னையும் அம்மாவையும் வரச்சொன்னார்கள். நான் திட்டு வாங்கத் தயாராகப் போனேன், திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நாடகம் போடுகிறாள் என்று சொல்லாதீங்க, வசனம் சொல்லி அடக்காதீங்க, ஒனக்கு வலிக்குதுன்னு தெரியுதும்மா என்று ஒரு வரி சொல்லிவிட்டு வாயை மூடி உட்காருங்க என்றார்கள். சாவைப் பற்றிப் பேசினால் விளையாட்டு என்று விடாமல், நேராகவே கேட்டு, தனியாக விடாமல் எங்களைக் கூப்பிடுங்க. அவள் கத்தினால் கேட்டதற்கெல்லாம் இணங்கவும் வேண்டாம், பதிலுக்குக் கத்தவும் வேண்டாம். செய்ய முடிகிறதை மட்டும் சொல்லுங்க, சொன்னதைச் செய்ங்க. வாயை மூடி உட்காருவது எனக்கு எப்பேர்ப்பட்ட வேலை என்று உனக்குத் தெரியும், செத்த வீட்டில்கூடக் கதை சொல்லுகிறவன் நான்.

இனி உன் பங்கு. உன் கல்யாணத்தன்று அவள் ஸ்வீட்லினைக் கண்டபடி பேசினது தப்புதான், அந்தப் பிள்ளை அழுததை நான் மறக்கவில்லை. அதற்கு நீ ரீபாவுக்கு அனுப்பின பதிலை அவள் உன் அம்மாவிடம் காட்டினாள். செத்தா ஒரு மெசேஜ் போடு என்று எழுதிவிட்டு அவள் நம்பரை அடைத்துவிட்டாய். அந்த மெசேஜை அவள் இன்னும் அழிக்கவில்லை. நம்ம வீட்டு ஆம்பிளைகள் இரண்டு பேருக்கும் ஒரே நாக்குலே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் அவளிடம் பேசுவாயா? புத்தி சொல்ல வேண்டாம், வாழைக்குலை கதை பேசு போதும். முடியாது என்றால் முடியாது என்றே எழுது, நான் கோபப்பட மாட்டேன், உன்னிடம் கேட்டதை அவளிடம் சொல்லவும் மாட்டேன். ஆனால் இரண்டு வாரம் பேசிவிட்டு மூன்றாம் வாரம் மறந்தாயானால், சாலோமி செய்ததைவிட அது மோசம். இரக்கப்பட்டு ஆரம்பிக்காதே, நிறுத்தாமல் செய்ய முடியும் என்றால் ஆரம்பி.

இன்றைக்கு வியாழக்கிழமை. நேற்று சாயங்காலம் அவள் அறை வாசலில் நின்று, அந்தக் கவர் என் பெருமைக்குப் போட்டது, ஆட்டோவில் சொன்னது பாவம், இரண்டும் என் தப்பு என்று சொன்னேன். பத்து மணிக்கு வண்டி சொல்லியிருக்கிறேன், நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் டாக்டரம்மாவிடம் போவேன் என்றும் சொன்னேன். அவள் விளக்கை அணைத்துவிட்டாள். சரி, உன்னையும் ஸ்வீட்லினையும் பிறக்கப்போகிற பிள்ளையையும் கர்த்தர் தம் செட்டைக்குள் வைத்துக் காப்பாராக. வெயிலில் தலையில் துணி போடாமல் வேலைக்குப் போகாதே, தண்ணீர் குடி. ஹாரன் கேட்கிறது, வண்டி வந்துவிட்டது போல. நடையில் செருப்புச் சத்தம். எஸ்றா, அவள்தான் கிளம்பி நிற்கிறாள், "வே ஞானசிகாமணி, எழுதுனது போதும், வண்டிக்காரன் எம்புட்டு நேரம் நிப்பான்" என்கிறாள். அப்பா என்று அவள் வாயில் வரவில்லை, வராவிட்டால் போகட்டும், நீ ஞாயிற்றுக்கிழமை பேசுவதாக இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடு, நான் வண்டிக்குப் போகிறேன்.