தண்ணீருக்கடியில் ஒரு ரோடு

சிரித்துக்கொண்டே கியர் மாற்றும் என் மதினிக்கு,

உங்களிடம் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. அண்ணன் நன்றாக இருக்கிறார். முழங்கால் வலிதான் கொஞ்சம் கூடியிருக்கிறது. உங்கள் காரை இப்போது நான் ஓட்டுகிறேன். வெள்ளத்தின்போது நடந்ததை யார் யாரிடமோ சொல்லிவிட்டேன். முதலில் சொல்லியிருக்க வேண்டியது உங்களிடம்தான், ஏனென்றால் அந்த ஜிபிஎஸ் உங்களுடையது.

வங்கியில் உங்களை ஊர் ஊராக மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது அது. உள்ளங்கை அளவுப் பெட்டி, முன்கண்ணாடியில் ரப்பர் கிண்ணத்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும். போனில் மேப் பார்க்கும் பழக்கம் அப்போது நம் வீட்டில் யாருக்கும் இல்லை. அதற்குள் இருக்கும் பெண் இங்கிலீஷில் 'டர்ன் லெஃப்ட்' என்பாள். 'பைய சொல்லு தாயி, முன்னால மாடு நிக்கி' என்று நீங்கள் பதில் சொல்வீர்கள். பேட்டையில் அவள் சொல் கேட்டு ஒரு பட்டறைக்குள்ளேயே காரைக் கொண்டுபோய் நிறுத்தினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர் முகமூடியைத் தூக்கி, 'வண்டிக்கு என்ன செய்யுது?' என்று கேட்டார். 'வண்டிக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி, இவளுக்குத்தான்' என்று பெட்டியைக் காட்டினீர்கள்.

அதில் 'ஹோம்' என்பதை அமுக்கினால் நம் பாளையங்கோட்டை வீடு வராது. ஏரலுக்கு அப்பால், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் உங்கள் பிறந்த வீடு வரும். 'அப்ப இங்கன நாங்கள்லாம் சத்திரத்துலயா இருக்கோம்?' என்று அண்ணன் கேலி செய்வார். நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் மாற்ற மாட்டீர்கள். பிறகு எல்லோரும் போனுக்கு மாறினோம். நீங்கள் எங்களை விட்டுப் போன பின்பும் அந்தப் பெட்டியைக் கண்ணாடியிலிருந்து எடுக்க அண்ணன் யாரையும் விடவில்லை. நானும் கேட்கவில்லை.

நீங்கள் போன அடுத்த மழைக்காலத்தில்தான் அந்த வெள்ளம். தாமிரபரணி எங்கள் தெருமுனை வரைக்கும் வந்து நின்றது. ஏரல் பக்கம் இன்னும் மோசம் என்றார்கள். கரண்ட் இல்லை, டவர் இல்லை, எந்தப் போனும் எங்கேயும் போகவில்லை.

உங்கள் தம்பி சங்கரனைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரியாது. நீங்கள் இருந்தபோது அவனுக்குச் சர்க்கரை மட்டும்தான். அதற்குப் பிறகு கிட்னி போய்விட்டது. வாரத்தில் சில நாள் திருநெல்வேலிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தான். ஒருமுறை தவறினாலே அவனுக்கு மூச்சு வாங்கும். வெள்ளத்தில் இரண்டு முறை தவறிப் போயிருந்தது. அவனும் அவன் மனைவி வள்ளியும் அந்த வீட்டில் இருக்கிறார்களா, இல்லையா என்றே தெரியவில்லை.

மழை கொஞ்சம் விட்டதும் நானும் அண்ணனும் காரை எடுத்தோம். சுற்றிச் சுற்றி, ஏரலைத் தாண்டி ஓர் இடம் வரைதான் போக முடிந்தது. அதற்கு மேல் ரோடு தண்ணீருக்குள் இறங்கிப் போயிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே கலங்கல். வாழைகள் மூழ்கி, இலை நுனிகள் மட்டும் தெரிந்தன. நான் சின்ன வயதிலிருந்து வந்துபோகிற இடம் மதினி. எது தோட்டம், எது வாய்க்கால் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடற்கரை ஊர்களிலிருந்து லாரியில் வள்ளங்களை ஏற்றிக்கொண்டு மீனவர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் சேவியர் என்று ஒருவர். சங்கரனைப் பற்றிச் சொன்னதும் யோசிக்காமல், 'ஏறுங்கக்கா, போவோம்' என்றார். உடனே அவரே தயங்கினார்.

'வள்ளத்த விட்டுரலாம். ஆனா கீழ என்ன கெடக்குன்னு தெரியலயே. முள்வேலி, கிணத்துச் சுவரு, மோட்டார் ரூமு. புரொப்பல்லர் சிக்குச்சுன்னா இழுப்பு நம்மள ஆத்துக்கே கொண்டு போயிரும். ரோட்டு மேலயே போனா பயமில்ல. ரோடு எங்கன இருக்கு?'

நான் போனை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைத் திரையில் நீலப் புள்ளி மட்டும் நின்றது, மேப் வரவில்லை. 'உங்ககிட்ட ஜிபிஎஸ் இருக்குமே' என்றேன்.

'இருக்கும். அதுல கடல் பூரா இருக்கும்க்கா. கர ஏறினா ஒண்ணும் கெடயாது, திரையில வெறும் மஞ்சள்தான்.'

அப்போதுதான் அண்ணன் திரும்பிக் காருக்கு நடந்தார். யாரையும் தொடவிடாத அந்தப் பெட்டியை, ரப்பர் கிண்ணத்தின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து, கண்ணாடியிலிருந்து அவரே பிடுங்கினார்.

'ஏட்டி செண்பகம், இதுக்கு டவரு வேண்டாம். மேப்பு உள்ளயே இருக்கு. உன் மதினி கம்ப்யூட்டர்ல போட்டு ஏத்திக்கிட்டே இருப்பாள்லா? கொண்டு போ' என்றார்.

வள்ளத்தில் விளக்குக்காக ஒரு பாட்டரி இருந்தது. சேவியர் காரில் பெட்டிக்கென்று இருந்த ஒயரைப் பல்லால் சீவி அதில் மாட்டினார். பெட்டியைப் பாலித்தீன் பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். அது வெகுநேரம் சாட்டிலைட்டைத் தேடிக்கொண்டே இருந்தது. வானம் சாம்பலாகக் கிடந்தது, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பிறகு திரையில் அந்தச் சின்னக் கார் வந்தது. அதற்குக் கீழே, கோடு போட்டதுபோல, ரோடு. நான் 'ஹோம்' என்பதை அமுக்கினேன்.

மதினி, அதை எப்படிச் சொல்வது? எங்களைச் சுற்றி ரோடு என்று ஒன்றுமே இல்லை. செத்த ஆடு ஒன்று மிதந்து போனது. அதற்கு நடுவில் உங்கள் இங்கிலீஷ்காரி, நம்மூர் ஹைகிரவுண்டு ரோட்டில் போகிறபோது சொல்வாளே, அதே நிதானத்தோடு, 'டர்ன் ரைட்' என்றாள். சேவியர் வலப்பக்கம் ஒடித்தார். முன்னால் நின்ற மீனவர் கழியை விட்டுப் பார்த்தார். 'அடியில தார் தட்டுதுவே' என்றார். ஒருமுறை இழுப்பு எங்களைத் தள்ளியதும் திரையில் கார் கோட்டை விட்டு விலகியது. அவள் உடனே வேறு வழி கணக்குப் போடத் தொடங்கினாள். கழியில் வேலிக்கம்பி தட்டியது. சேவியர் பின்வாங்கி மறுபடி கோட்டுக்கு வந்தார். அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

கடைசியில் அவள் சேர்ந்துவிட்டோம் என்றாள். வீட்டைக் காணோம். தென்னை மண்டைகளும் மழைப் புகையும் மட்டும்தான். சேவியர் இன்ஜினை நிறுத்தினார். நான் தென்னைகளுக்கு நடுவே கண்ணால் தேடினேன். அந்த அமைதியில் அவள் மட்டும் இன்னொரு தடவை சொன்னாள்.

தென்னைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

'அக்கா... வந்துட்டியாக்கா?'

சங்கரன்தான். மொட்டை மாடியில், தார்ப்பாய்க்கு அடியில், முகமெல்லாம் வீங்கிக் கிடந்தான். அந்தப் பெட்டியின் குரலைக் கேட்டு உங்கள் கார் வாசலுக்கு வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறான். வள்ளி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வந்திருப்பது நீங்கள் இல்லை, நான்தான் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 'வந்தாச்சுய்யா, இறங்கு' என்று மட்டும் சொன்னேன்.

சேவியர் அவனைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வள்ளத்தில் கிடத்தினார். நாங்கள் கார் நின்ற இடத்துக்குத் திரும்பி வந்தபோது அண்ணன் தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரிலேயே திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மறுநாள் கண் விழித்து, என்னை யாரென்று தெரிந்துகொண்டு, 'செண்பகக்கா, கொஞ்சம் காப்பி' என்று கேட்டான். டாக்டர் கொடுக்க விடவில்லை.

அதற்கப்புறம் நான் தேடிப் படித்தேன். மேலே சுற்றுகிற அந்தச் சாட்டிலைட்டுகள் நம்மைப் பார்ப்பதே இல்லையாம். அவை தம்பாட்டுக்கு நேரத்தைச் சொல்லிக்கொண்டே சுற்றுகின்றன. கீழே இருக்கிற பெட்டிதான் அதைக் கேட்டு, தான் எங்கே நிற்கிறோம் என்று கண்டுகொள்கிறது. அவ்வளவு மேகத்தையும் மழையையும் கடந்து என் மடி வரைக்கும் அந்தச் சொல் வந்திருக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. உங்களுக்கு இதெல்லாம் முன்பே தெரியுமா? தெரிந்துதான் அவளோடு அப்படிப் பேசிக்கொண்டிருந்தீர்களா?

வீட்டைச் சரிசெய்யும்வரை என்று வந்த சங்கரனும் வள்ளியும் இப்போது எங்களோடுதான் இருக்கிறார்கள். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பான். மறுபடி வாழை வைத்திருக்கிறான். நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன். ஸ்ரீவைகுண்டம் வருவதற்குள் அசதியில் தூங்கிவிடுவான். தூங்குகிறபோது அவன் முகம் அப்படியே உங்கள் முகம் மதினி. பள்ளம் வந்தால் நான் பைய இறக்கி ஏற்றுகிறேன். என் கண்ணும் கையும் தெளிவாக இருக்கிற வரைக்கும் அவனை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போவேன், அவன் தூக்கம் கலையாமல் தோட்டத்துக்குக் கொண்டுசேர்ப்பேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்கள் தம்பிக்கும் இப்போது அக்காவாக இருக்கிற,
உங்கள் நாத்தினார்
செண்பகம்