நாலு பேர் என்று சொன்னது

786

மயிலாப்பூர்,
12-4-1944, புதன்கிழமை.

கண்ணான பேரன் காதருக்கு உன் நன்னி ஹாஜிரா பீ எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடம்பும் உயிரும் அல்லாஹ்வின் காவலில் இருக்கட்டும். மூன்றாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். வேறு யாரிடமும் சொல்லி எழுதவைக்கிற சேதி இல்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

பெங்களூரில் பட்டாளத்துக்குக் கொட்டகை போடும் இடத்தில் இரண்டு வேளை சோறு தருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா சகினா அந்தக் கடுதாசியை மூன்று தரம் படித்தாள். சோறு என்று வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று படித்தாள்.

இங்கே ரேஷன் கடையில் போன வாரம் அரிசியைக் குறைத்துக் கோதுமை போட்டார்கள். உன் தங்கை ஜஹீதா தின்ன மாட்டேன் என்று காலையில் அழுதாள். மத்தியானம் தானே எடுத்துத் தின்றாள்.

எதிர்வீட்டுத் தேவானையோடு நான் பேசுவதில்லை. போன ரமலானில் குழாயடியில் அவள்தானே சொன்னாள், ஆம்பளைங்க பேரெல்லாம் எய்திக்கினு போறாங்கோ, பட்டாளத்துக்காம் என்று. அவள் பேச்சைக் கேட்டுத்தான் உன் பேர் கார்டில் விட்டுப்போச்சு என்று ஏழு மாசமாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். சொன்னவள் தன் வீட்டில் ஏழு பேரையும் ஒழுங்காக எழுதிக்கொடுத்து ஏழு பேருக்கும் வாங்குகிறாள். அதை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் உனக்காவது நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். அன்று பதினேழாம் நோன்பு. ரேஷன் கார்டுக்கு வீட்டு ஆட்களை எண்ண வந்தவர் கையில் பிடி உடைந்த குடை. நான் திரைக்குப் பின்னால் நின்றேன். அரிசிக் கார்டுக்குத்தாம்மா, எல்லாப் பேரையும் சொல்லுங்க என்று அவர் இரண்டு தரம் சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது. நான் நம்பவில்லை. முந்தின சண்டையில் உன் நன்னா பேரையும் பட்டாளத்துக்கு இப்படித்தான் ஒருத்தன் வாசலில் நின்று எழுதிக்கொண்டு போனான். பஸ்ராவிலிருந்து அவருடைய சட்டைப் பொத்தான்கூடத் திரும்பி வரவில்லை. நீ உள்ளே நின்றிருந்தாய். நான், உன் அம்மா, உன் பெண்சாதி வஜீஹா, ஜஹீதா, நாலு பேர்தான் என்றேன். நோன்பு வாயால் சொன்னேன்.

நாலு பேர் அரிசியில் ஐந்து பேர் சாப்பிட்டோம். நீ தட்டின் முன்னால் உட்கார்ந்தால் வஜீஹா தனக்குப் பசி இல்லை என்று எழுந்துவிடுவாள், வயிற்றில் பிள்ளையோடு. பொங்கல் சமயத்தில் நீ என் காலைப் பிடித்தாய். பொய் சொன்னேன்னு ஆபீசுல ஒரு தடவை சொல்லு நன்னி, எனக்குச் சோறு கிடைக்கும் என்றாய். சட்டத்தில் அதற்கு ஜெயில் இருக்கிறது என்று சாக்குச் சொன்னேன். ஜெயிலுக்கு நான் பயப்படவில்லை. என் வாயால் நானே பொய்க்காரி என்று சொல்ல மனசு வரவில்லை. மறுநாள் நீ ரயில் ஏறிவிட்டாய்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். உட்கார்ந்து படி. மாசி முடிகிற சமயத்தில் உனக்கு மகன் பிறந்தான். காதில் பாங்கு சொல்லி அப்துல் வஹீத் என்று பேர் வைத்தோம். உன் மூக்கு. தாய்க்குப் பால் ஊறவில்லை. பதினோரு நாள் இருந்தான். கார்டில் அவன் பேரையும் எழுத வேண்டும் என்று உன் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அடக்கம் செய்ய மையவாடியில் மதில் ஓரமாக இடம் கிடைத்தது. உனக்கு எழுத வேண்டாம் என்றாள் வஜீஹா. அவள் எழுந்து நடக்கிறாள். பேசுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை ரேஷன் ஆபீசுக்குப் போனேன். புதிதாகப் பெரிய ஆள் பேரைச் சேர்க்க, அந்த ஆள் எண்ணிக்கை எடுத்த அன்று இந்த வீட்டில் இருந்தான் என்பதற்கு அக்கம்பக்கத்து சாட்சி வேண்டுமாம். தேவானை கூப்பிடாமலே பின்னால் வந்திருந்தாள். அன்னிக்கு எண்ணச்சொல்ல இல்லாத ஆம்பள இப்ப எங்கேந்து மொளச்சான் ஆயா என்று குமாஸ்தா கேட்டான். மொளைக்கல நைனா, உள்ளாற ஒளிஞ்சிக்கினு இருந்தான் என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். நான் பொய் சொன்னேன் என்று எழுதிய காகிதத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். கேஸ் போட்டாலும் போடுவார்களாம், போடட்டும். திரும்பி வரும் வழியெல்லாம் தேவானையோடு நான் பேசவில்லை.

இருபத்தேழாம் தேதிக்குள் நீ நேரில் வந்து நிற்க வேண்டும். தவறினால் காகிதம் தள்ளுபடி. புதுக் கார்டு கைக்கு வரும்வரை என் பங்கு உனக்கு. வஜீஹாவின் தட்டில் கை வைக்காதே. எனக்கு அரிசி வேண்டாம், நான் நோன்பில் இருக்கிறேன். பிள்ளை பெற்ற வருஷங்களில் விட்ட நோன்பு நிறைய பாக்கி இருக்கிறது. எந்த வருஷம் எத்தனை என்று எனக்கு மறக்கவில்லை. அவை முடிந்தாலும் அந்தப் பதினேழாம் நோன்பு இருக்கிறது. அதை எத்தனை தரம் பிடித்தால் சரியாகும் என்று தெரியவில்லை.

என்மேல் கோபம் இருந்தால் இங்கே வந்து கோபித்துக்கொள். அல்லாஹ் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஆபீசில் உன் பேரை நீயே சொல். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

துஆவுடன்,
உன் நன்னி,
ஹாஜிரா பீ