இப்பத்தான் குடிச்சேன்

ஜனவரி 20, செவ்வாய்

பனி. ஒன்பது மணிக்கும் லாரிகள் விளக்கு போட்டுக்கொண்டு. சூளகிரி பஸ்ஸில் நின்றபடியே. செருப்பு வார் அறுந்தது. தைக்கணும்.

பவித்ரா வீட்டுக்கு முதல் முறை. ஏழு வயது. வீட்டில் வாயாடி, பள்ளியில் ஒரு சொல் கிடையாது. மாதக்கணக்காய் பள்ளியில் நான் கவுன்சலிங். என்னிடமும் வெறும் படம் வரைந்து காட்டுவதுதான். ஆண்டுத் தேர்வுக்குள் பேசாவிட்டால் வேறு பள்ளி பார்க்கச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியை.

ஊரைத் தாண்டி காலனி, அதில் கடைசி வீடு. அவள் அப்பா கம்பெனியில் கான்ட்ராக்ட். நைட் ஷிப்ட் முடிந்தும் தூங்காமல் எனக்காக உட்கார்ந்திருந்தார். பவித்ரா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்து,

"டீ குடிங்க மிஸ்."

என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு. நான் சொன்னது: "வேணாம் கண்ணு, இப்பத்தான் குடிச்சேன்."

குடிக்கவில்லை. சிகிச்சைக்கு வருபவர்களிடம் எதுவும் வாங்கக் கூடாது, நோகாமல் மறுக்கணும். படித்த பாடம்.

அப்பா சிரித்தார். "எங்க வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் இப்பத்தான் குடிச்சிட்டு வருவாங்க, மேடம்."

பவித்ரா டம்ளரோடு உள்ளே போனாள். அப்புறம் வெளியே வரவில்லை.

ஜனவரி 21, புதன்

தலைவலி. பெங்களூரில் இருக்கும் மேற்பார்வையாளரிடம் போனில் சொன்னேன். மறுத்தது சரி என்றார். குழந்தை பேசியதற்குப் பாராட்டு. ரிப்போர்ட்டில் முன்னேற்றம் என்று போடணும், டீ விஷயம் வேண்டாம். போட்டேன். அனுப்பிவிட்டேன்.

போன வருஷம் பண்பாட்டுப் புரிதல் என்று ஒரு பயிற்சி. வெளிநாட்டில் குடியேறிய குடும்பங்கள், கண்ணைப் பார்த்துப் பேசலாமா கூடாதா. காலனி என்ற சொல் வரவே இல்லை. மதியம் நல்ல பிரியாணி.

எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர். ஜன்னல் கம்பியில் கவிழ்த்திருக்கும். அம்மா ஏற்பாடு. அதைப் பார்த்து வளர்ந்த கை இது. நேற்று கை நீளாதபோது விதி ஞாபகம் வந்ததா, திரும்பி வரும் பஸ்ஸில்தான் வந்ததா?

வாங்கணும்: சோப்பு, ஊக்கு, மாத்திரை.

ஜனவரி 27, செவ்வாய்

வெயில். செருப்பு தைத்தாயிற்று. காலையில் வேண்டுமென்றே டீ குடிக்கவில்லை. அங்கே கேட்டு வாங்கிக் குடிப்பதாக முடிவு.

பவித்ராவின் அம்மா வாசலிலேயே நாற்காலி போட்டார். வீட்டுக்காரர் தூங்குகிறாராம். பவித்ரா கடையிலிருந்து வந்தாள், கையில் கூல்டிரிங்க்ஸ் பாட்டில். நாற்காலி பக்கத்தில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு டீ போதும்க்கா. இல்லன்னா கொஞ்சம் தண்ணி குடுங்க."

"எங்க தண்ணி உங்களுக்கு ஒத்துக்காது மேடம். இதக் குடிங்க. மூடி தொறக்கல."

குரலில் கோபம்கூட இல்லை. மரியாதை.

திறந்து குடித்தேன். தித்திப்பு. இந்தக் கலர் உனக்குப் பிடிக்குமா என்று பவித்ராவைக் கேட்டேன். அவள் பள்ளியில் உட்காருவது போலவே கையைக் கட்டி, உதட்டை உள்ளே மடித்து. சொந்த வீட்டு வாசலில்.