பெல்ட்டைக் கழற்றிய பிறகும் கேட்ட சத்தம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். ஒருவரையொருவர் குறை சொல்லும் அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறோம். நீ, மாப்பிள்ளை, சின்னக்குட்டி மூவரும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதினைந்து நாளைக்கு முன்னால் போனில் சுற்றி வளைத்து, "காரைக் குடுத்துட்டா என்னப்பா, எதுக்கு இந்த வயசுல ஓட்டிக்கிட்டு" என்று கேட்டாயே, அப்போதே வாய் உன்னுடையது, வார்த்தை யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததையும் உன் அம்மா கை கால் வைத்துச் சொல்லியிருப்பாள். நடந்தது நடந்தபடி ஒரு தடவையாவது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். காகிதம் குறுக்கே பேசாது.

ஒரு மாதமாகவே காரின் ஏசி கம்ப்ரஸர் கத்துகிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததைக் கேட்டதாகச் சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை. "இது காரா, மாவு மில்லா" என்பாள். மருந்துக் கடை வாசலில் நிறுத்தினால் கடைக்காரர் மாத்திரை எடுப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார். பழைய வண்டியை இவ்வளவு பளபளப்பாக வைத்திருக்கிறேனே என்று பார்க்கிறார் என நினைத்துக்கொள்வேன். நச்சரிப்புத் தாங்காமல் ஒருநாள் வொர்க்ஷாப்புக்குப் போனோம். வண்டியை உள்ளே திருப்புவதற்குள் மெக்கானிக் எழுந்து வந்து, "கம்ப்ரஸர் போச்சு சார், முழுசா மாத்திடுங்க" என்றான். திறந்து பார்த்தாயா என்று கேட்டேன். "திறப்பானேன் சார், தெருமுனையில வரும்போதே கேட்டுச்சே" என்றான். நாடி பிடிக்காமலே நாள் குறிக்கிற வைத்தியன். அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு எந்த வேலையையும் யாரும் சொல்லித் தந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் மோட்டார், மிக்ஸி எல்லாம் என் கையால் மறுபிறவி எடுத்தவை. மிக்ஸி ஓடும்போது மூடியை ஒருவர் அமுக்கிப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது என்று உன் அம்மா சொல்வதை விட்டுத் தள்ளு. ஓடுகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

வீட்டிலேயே சரிசெய்கிறேன் என்றதும் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "சனிக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கணும். நின்னுட்டா சாவி உங்களுக்கு, நான் வாயே திறக்கமாட்டேன். நிக்கலன்னா சாவி எனக்கு, வண்டியை வித்துட்டு ஆட்டோவுல போய்க்கலாம்." முப்பது வருஷமாக ஓட்டுகிறவனிடம் சாவியைப் பிடுங்கப் பார்க்கிறாள். சரி என்றேன். அவள் வாயே திறக்கமாட்டேன் என்று சொன்னதற்காகவே சரி என்றேன் என்றும் வைத்துக்கொள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. வாஷிங் மெஷினின் பழைய குழாய் ஒன்று கிடந்தது. ஒரு முனையை அவள் காதில் வைத்துக்கொள்ளச் சொல்லி, முடியை இறுக்கிக் கட்டவைத்து, தள்ளி நிறுத்தினேன். எஞ்சினை ஓடவிட்டு மறுமுனையை நான் இடம் இடமாகக் காட்டினேன். "இங்க இல்ல, இங்கயும் இல்ல" என்று வந்தவள், கம்ப்ரஸரின் முகப்பில் சுழல்கிற சக்கரத்துக்குக் கிட்டே போனதும் "ஐயோ, காதே போச்சு" என்று குழாயைக் கீழே போட்டாள். ஏசியை நிறுத்தினாலும் சத்தம் கொஞ்சம் குறைகிறதே தவிர நிற்கவில்லை என்றாள். ஏசியை நிறுத்தினால் கம்ப்ரஸரின் உள்பகுதி சுற்றாது, சக்கரம் மட்டும்தான் சுற்றும். எனக்கு அது போதும். கோளாறு கம்ப்ரஸரின் வயிற்றில் இல்லை, சக்கரத்துக்குள் இருக்கிற பேரிங்கில்தான். ஏசி காஸைத் தொடாமல் அதை மட்டும் மாற்றலாம். மெக்கானிக்கின் வாயில் மண் என்று அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை பெல்ட்டைக் கழற்றி, முன் தட்டை எடுத்து, அதற்குப் பின்னால் இருந்த மெல்லிய வாஷர்களைப் பத்திரப்படுத்தினேன். சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும் வளையம் மட்டும் துள்ளிப் போய்விட்டது. இரண்டு மணி நேரம் தேடி, காயப்போட்டிருந்த என் பனியனுக்குள்ளேயே அதைக் கண்டுபிடித்தேன். பழைய பேரிங்கைத் தட்டி எடுத்தாயிற்று. புதியது இறுக்கமாக உட்கார வேண்டுமென்றால் பேரிங் குளிர்ந்து சுருங்க வேண்டும், சக்கரம் சூடாகி விரிய வேண்டும். ஆகவே பேரிங்கை ஃப்ரீஸரில் ஐஸ்க்ரீம் டப்பாவுக்குப் பக்கத்திலும், சக்கரத்தை அவளுடைய பெரிய பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீரிலும் போட்டேன். சமையலறைக்கு வந்தவள் அடுப்பைப் பார்த்தாள், ஃப்ரீஸரைத் திறந்து பார்த்தாள், "ராத்திரிக்கு இதுதான் சாப்பாடா, இல்ல இதுக்குத் தொட்டுக்க எதாவது பண்ணணுமா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆனால் பேரிங் சொல்லிவைத்த மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது. தட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட வேண்டும். மாப்பிள்ளையின் விசிட்டிங் கார்டை இரண்டாக மடித்துச் செருகி அளந்தேன். இந்த வீட்டு ரிப்பேர் வேலையில் அவர் கை கொடுத்தது இது ஒரு முறைதான்.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் பூட்டி, வண்டியைக் கிளப்பி, ஏசியைப் போட்டு, குழாயை அவள் கையில் கொடுத்தேன். வைத்துக் கேட்டாள். "அப்படியே இருக்கு" என்றாள். இடிந்துபோனேன். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, வாஷரை மாற்றி, கார்டை வைத்து அளந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி கேட்கச் சொன்னேன். "முன்னைக்கு இப்ப கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். முதுகு நிமிரவில்லை, விரலில் மூன்று இடத்தில் தோல் இல்லை, மறுநாள் சனிக்கிழமை. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். காதே போச்சு என்று குழாயைப் போட்டவள், இப்போது அதே காதில் குழாயை வைத்துக்கொண்டு சாவகாசமாக வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் அவளுக்குத் தெரியாமல் கம்ப்ரஸர் பெல்ட்டை மொத்தமாகக் கழற்றிவிட்டேன். பெல்ட் இல்லாவிட்டால் அது வெறும் இரும்புக் கட்டி, சுற்றவே சுற்றாது. எஞ்சினைக் கிளப்பிவிட்டுக் கூப்பிட்டேன். வந்தாள், குழாயை வைத்தாள், பெரிய டாக்டர் மாதிரி கண்ணை மூடினாள், "ம்ஹூம், அதே கிர்ர்ர்தான்" என்றாள். முதுகுக்குப் பின்னாலிருந்து பெல்ட்டை எடுத்து அவள் மூக்குக்கு நேரே ஆட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வெற்றி எனக்குக் கிடைத்ததில்லை. படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "வியாழக்கிழமையே சத்தம் சுத்தமா நின்னுடுச்சுங்க. அது உங்களுக்கு ஏன் தெரியல" என்று கேட்டாள். நான் பெல்ட்டைச் சுருட்ட ஆரம்பித்தேன். "தெருவே திரும்பிப் பார்த்த சத்தம் உங்களுக்குக் கேக்கல. அது நின்னதும் கேக்கல. பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிச்சா மட்டும் கேட்டுடுமா? காதைக் காட்டுங்கன்னு ஆறு மாசமா சொல்றேன், அதுவும் கேக்கல." அவள் பொய் சொன்னாள் என்று நிரூபித்தவன் நான்தான், அதோடு சேர்த்து வேறொன்றையும் நிரூபித்துவிட்டேன். சத்தம் நிற்கவில்லை என்று சொல்லி என் காதைச் சோதிக்கிற இந்தத் திட்டத்தை வியாழக்கிழமையே உன்னிடம் சொல்லி நீங்கள் இருவரும் சிரித்ததாக அவளே ஒப்புக்கொண்டாள். பெற்ற பெண் செய்கிற வேலையா இது?

பேச்சு பேச்சுதான், சாவியைக் கொடுத்துவிட்டாள். ஆனால் டாக்டரிடம் என் காதைக் காட்டுகிறவரை தான் வண்டியில் ஏறமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பெல்ட்டை மறுபடி மாட்டி, தனியாக ஓட்டிக்கொண்டு கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஏசி சில்லென்று இருந்தது. சொல்லிக்காட்டப் பக்கத்து சீட்டில் ஆள் இல்லை. புதன்கிழமை இருவரும் ஆட்டோவில் காது டாக்டரிடம் போனோம். என் காது சரியாக இருக்கிறது என்று எழுதி வாங்கிவர என்று வைத்துக்கொள். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் இந்தப் பித்தானை அமுக்குங்கள் என்றாள் அங்கே பரிசோதனை செய்கிற பெண். இதில் என்ன பிரமாதம், மூன்று எண்ணி ஒருதரம் என்று ஒழுங்காக அமுக்கிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து, "சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றாள். வெளியே உட்கார்ந்திருந்த உன் அம்மாவின் சிரிப்பு எனக்குத் தெளிவாகவே கேட்டது. அதைப் பரிசோதனையில் சேர்த்துக்கொள்ளமாட்டேன் என்கிறார்கள்.

இரண்டு காதுக்கும் மெஷின் வேண்டுமாம், வர இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை ஓட்டக்கூடாது என்று டாக்டரும் அவள் பக்கம் சேர்ந்துவிட்டார். நீ காலேஜில் சேர்ந்த வருஷம் அவள் எடுத்த லைசென்ஸை இப்போது தூசி தட்டியிருக்கிறாள். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒப்பந்தப்படி சாவி என்னிடம்தான் இருக்கிறது. தினமும் கதவைத் திறந்து ஓட்டுகிற சீட்டில் நான்தான் உட்காருகிறேன், நான்தான் சாவி போட்டுக் கிளப்புகிறேன், ஏசியும் நான்தான் போடுகிறேன். பிறகு இறங்கிச் சுற்றிவந்து மறுபக்கம் ஏறிக்கொள்கிறேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் நோயற்ற வாழ்வும், சின்னக்குட்டிக்கு நல்ல படிப்பும் அமைய என் ஆசிகள். உங்கள் வண்டியில் ஏதாவது புதுச் சத்தம் வந்தால் உடனே கவனி, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதே. மாப்பிள்ளையின் காதை நம்பாதே, நீயே கேள்.

இப்படிக்கு,
வண்டிச் சாவியைக் கையில் வைத்திருக்கும்
உன் அப்பா