கடலுக்குள் இருக்கும் திருப்பூர்

இன்று காலை லேபில் டிரையரின் கதவைத் திறந்தேன். சூடேறிய பாலியஸ்டரின் வாசனை முகத்தில் அடித்தது. சோப்பும் உருகாத பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை உன்னையும் என்னையும் தவிர இங்கே யாருக்கும் பிடித்ததில்லை. வடிகட்டியில் சிவப்பு ஃபிலீஸ் துணியின் பஞ்சு மெத்தை போலப் படிந்திருந்தது. அதை உரித்தெடுக்கும்போது என்னை அறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அங்கேதான் நீ நிற்பாய்.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. ஆனால் அதை மட்டும் சொன்னால் உனக்குப் போதாது. "ஆரம்பத்துலேர்ந்து சொல்லு" என்பாய்.

திருப்பூர் முதலிபாளையத்தில் நம் கம்பெனியின் லேபில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து நீ வந்தாய். துணியைத் துவைப்பது, காய வைப்பது, எவ்வளவு சுருங்குகிறது, சாயம் போகிறதா என்று பார்ப்பது. இவ்வளவுதான் நம் வேலை. ராமநாதபுரம் பக்கம் கடற்கரை ஊர், அப்பா படகில் போகிறவர், கெமிஸ்ட்ரி படித்திருக்கிறாய் என்று இன்சார்ஜ் அறிமுகப்படுத்தினார். "வாங்க, உக்காருங்க" என்றேன். "என்னங்க நீங்க, என் வயசுதான உங்களுக்கு? வா போன்னு பேசுங்க" என்று சிரித்தாய். எனக்கு 'ங்க'வை விடுவதற்கு ஒரு மாதம் பிடித்தது.

வந்த முதல் வாரமே டிரையர் பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாய். "இது எங்கிட்டுப் போகும்?"

"குப்பைக்கு."

"காயுறப்பயே இவ்வளவு வருதுன்னா, துவைக்கிறப்ப தண்ணியில எவ்வளவு போகும்?"

சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் என்றேன். அங்கே சாயத்தைப் பிரிப்பார்கள், உப்பைப் பிரிப்பார்கள். பஞ்சு? எனக்குத் தெரியவில்லை. இன்சார்ஜிடம் கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை. "ஏங்கண்ணு, துணி வாங்குற பையர் கேக்காத டெஸ்ட்டு நமக்கெதுக்கு?" என்றார். ஆனால் நல்ல மனிதர். சாப்பாட்டு நேரத்தில் செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

வாஷிங் மெஷினின் வடிகுழாயில் மெல்லிய நைலான் துணியைக் கட்டினோம். வழிந்த தண்ணீர் வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. துணியைப் பிரித்து, இழை எண்ணுகிற லென்ஸை வைத்துப் பார்த்தாய். வெகுநேரம் நீ தலையைத் தூக்கவில்லை. பிறகு என்னைப் பிடித்து இழுத்துக் காட்டினாய். தலைமுடியைவிட மெல்லிய சிவப்பு இழைகள், ஒன்றோடொன்று பின்னி, ஏதோ உயிருள்ளவை மாதிரி. ஒரே ஒரு சட்டை. ஒரே ஒரு துவைப்பு. "இத வாங்குறவங்க ஊட்டுல வாராவாரம் துவைப்பாங்கல்ல?" என்றேன். அன்றைக்கு நானும் ஒரு கேள்வி கேட்டுவிட்டேன் என்று நீ மதியமெல்லாம் என்னைக் கொண்டாடினாய்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன நீ, ஒரு பாட்டிலில் கரையோரக் கடல்நீர் கொண்டு வந்தாய். அதையும் வடிகட்டினோம். நீலம், பச்சை, வெள்ளை என்று நாலைந்து இழைகள். நம் ஊர் அழுக்கு உன் ஊர்க் கடலில் கிடக்கிறது என்று நினைத்துவிட்டேன். நீ தலையாட்டினாய். "இது சட்டையாவும் இருக்கலாம், எங்க வலையாவும் இருக்கலாம். நைலான் வலையும்தான் தேயுது. யாருதுன்னு தெரியல. தெரியாதத தெரிஞ்ச மாதிரி பேசக் கூடாது, என்ன?"

அந்தச் சமயத்தில்தான் அந்த அறிவிப்பு வந்தது. அரசாங்கத்தில் கடல் கொள்கைக்கு ஒரு வரைவு எழுதியிருக்கிறார்கள், இளைஞர்களின் கருத்தைக் கேட்கிறார்கள் என்று. உன் மாவட்டத்தின் பெயரில் நீ பதிவு செய்துவிட்டாய். எனக்குப் பதியப் போனால், மாவட்டப் பெயர்களில் கடற்கரை மாவட்டங்கள் மட்டும்தான் இருந்தன. நான் விட்டுவிடலாம் என்றேன். நீ கேண்டீன் வாசலில் நின்று அறிவிப்பில் இருந்த அலுவலகத்துக்குப் போன் போட்டாய்.

"திருப்பூர்ல கடல் இல்லையேம்மா" என்றார் எதிர்முனையில் இருந்தவர். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"கடல்ல திருப்பூர் இருக்கலாம் சார். அதத்தான் கேக்க வர்றோம்."

அவர் என்னைப் பார்வையாளராக உட்கார அனுமதித்தார்.

பல்லடத்தில் பஸ் ஏறி, மதுரையில் மாறி, நாம் போனது நினைவிருக்கிறதா? அதுவரை நான் கடலைப் பார்த்தது திருச்செந்தூரில் மட்டும்தான். முருகனைக் கும்பிடப் போன இடத்தில் கடலும் இருந்தது, குளித்தேன், வந்தேன். அதைப் பற்றி ஒருவர் கொள்கை எழுத முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. "ஏன், ரோட்டுக்கு எழுதுறாங்க, மில்லுக்கு எழுதுறாங்க. கடல்ல கப்பல் போகுது, வலை போடுறோம், மண்ணு எடுக்குறாங்க, குழாய் பதிக்கிறாங்க. அதுக்கு மட்டும் எழுத வேணாமா?" என்று ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நீ சொல்லிக்கொண்டே வந்தாய்.

கூட்டம் உன் மாவட்டத்தில் ஒரு கல்லூரி அரங்கில். வட்ட மேசைகள், ஒவ்வொன்றிலும் சார்ட் அட்டையும் வண்ணப் பேனாக்களும். 'நான் விரும்பும் கடல்' என்று படம் வரைந்து வாசகம் எழுதச் சொன்னார்கள். நம் மேசையில் கடல்பாசி எடுக்கும் ஒரு பெண், கப்பல் வேலைக்குப் படிக்கும் ஒரு மாணவன், விசைப்படகில் போகும் ஓர் இளைஞன். நாங்கள் நாலு பேரும் மீன் படம் வரைய ஆரம்பித்தோம். நீ மட்டும் பேனாவைத் தொடவில்லை. கையைத் தூக்கினாய்.

"மேடம், வரைவு எழுதி முடிச்சிட்டீங்களா?"

மேடையில் இருந்த பெண் அதிகாரி, முடிந்தது என்றார்.

"எழுதுறப்ப எங்க வயசுல யாராச்சும் கூட இருந்தாங்களா?"

உன் சுடிதாரைப் பிடித்து இழுத்தேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "இல்லம்மா. யாரும் இல்ல" என்றார்.

"அப்ப படம் வேணாம் மேடம். அந்த வரைவக் குடுங்க. படிச்சிட்டுப் பேசுறோம்."

உன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது. அதனால்தானோ என்னவோ, மதியச் சாப்பாட்டுக்குள் ஒவ்வொரு மேசைக்கும் நகல் வந்துவிட்டது.

அப்புறம்தான் உண்மையான கூட்டம் நடந்தது. பாசிப் பெண், கடலுக்குள் எந்தத் திட்டில் பாசி எடுக்க இறங்கக் கூடாது என்று எழுதியவர்கள் அந்தத் திட்டுக்கு வந்ததுண்டா என்று கேட்டாள். மாணவன், துறைமுகத்தில் கப்பல் குப்பையை இறக்க வசதி உண்டா என்று தேடினான், வரைவில் அதைக் காணவில்லை. படகு இளைஞன் என் பக்கம் திரும்பினான். "நீங்க திருப்பூரா? உங்க சாயத்தண்ணி எல்லாம் கடைசியில எங்க தலையிலதான. நீங்க எதுக்கு இங்க?"

நீ பதில் சொல்வாய் என்று பார்த்தேன். நீ வேண்டுமென்றே சார்ட் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அதத் தெரிஞ்சுக்கத்தானுங்க வந்தேன்" என்றேன். லேபில் பார்த்ததைச் சொன்னேன். சிவப்பு இழைகள், உன் பாட்டிலில் கிடைத்த இழைகள், அவை யாருடையவை என்று தெரியாதது, எல்லாம். "எங்க சட்டையா இருக்கலாமுங்க. உங்க வலையாவும் இருக்கலாமுங்க. ரெண்டு பக்கமும் பாத்தாத்தானுங்க தெரியும்."

அவன் தன் பேனாவை மூடி வைத்தான். பிறகு, "வலைன்னா... பழைய வலைய வெட்டி நாங்க கடல்லயேதான் விட்டுர்றோம்" என்றான். அதைச் சொல்வது அவனுக்குச் சுலபமாக இருக்கவில்லை.

மாலைக்குள் நம் மேசை இரண்டு வேண்டுகோள்களை எழுதியது. உள்நாட்டுத் துணி ஊர்களின் துவைப்புநீரையும் கடல் கொள்கையில் சேர்த்து ஆராய வேண்டும். இளைஞர்களை ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பிவிடாமல், குழுவில் வாக்குரிமையோடு உட்கார வைக்க வேண்டும். அதிகாரி வாங்கிப் படித்தார். "சேப்பேன்னு சொல்ல முடியாது. எடுத்து வாதாடுவேன்னு சொல்றேன்" என்றார். திரும்பும் பஸ்ஸில் நீ தூங்கவே இல்லை. வாதாடினால் யாரிடம் வாதாடுவார், அவர் யார் பேச்சைக் கேட்பார் என்று யோசித்துக்கொண்டே வந்தாய்.

அந்த ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். முதலில் நாம் யாரும் பயப்படவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, உடம்பில் ஏற்றும் பிளேட்லெட் பை ஏன் மஞ்சளாக இருக்கிறது, ரத்தம் சிவப்புதானே என்று நர்ஸிடம் கேட்டாய். அவர் நின்று விளக்கினார். "பாத்தியா, இது தெரியாமலே இருந்திருக்கேன்" என்று என்னிடம் சொன்னாய். அதுதான் நீ என்னோடு கடைசியாகப் பேசியது. மறுநாள் நான் வந்தபோது உன்னை வேறு வார்டுக்கு மாற்றியிருந்தார்கள், உள்ளே விடவில்லை. உன் அப்பா ஊரிலிருந்து வந்து சேர்ந்தபோது நீ இல்லை. அந்தத் தாழ்வாரத்தில் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

இனி செய்தி. திருத்திய வரைவு வந்தது. அதில் நம் வரி இருந்தது, ஆனால் 'துவைப்புநீரை ஆராயலாம்' என்று. 'ஆராய வேண்டும்' இல்லை, 'ஆராயலாம்'. இளைஞர் குழுவும் வந்துவிட்டது. கடலோரம் அல்லாத மாவட்டத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் தயங்கினேன். உட்கார வேண்டியவள் நீ. பிறகு இன்சார்ஜ்தான் லீவு எழுதிக் கொடுத்து, "போயிட்டு வா கண்ணு. அந்தப் புள்ள இருந்திருந்தா உன்னைய இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றார்.

முதல் கூட்டத்தில் அந்த 'லாம்' பற்றிக் கேட்டேன். "ஆராயலாமுன்னா ஆருங்க ஆராயறது? எப்பங்க?" ஒருவர், வார்த்தைதானே என்றார். மேசையின் மறுகோடியிலிருந்து வேறொருவர் எழுந்து, "அந்தக்கா கேக்குறது சரிதான். எங்க வலைக்கும் சேத்து 'வேண்டும்'னே போடுங்க" என்றார். அந்தப் படகு இளைஞன்தான். பழைய வலைகளைக் கரைக்குக் கொண்டுவரும் வேலையை அவர்கள் ஊரில் தொடங்கியிருக்கிறார்களாம். வாக்கெடுத்தார்கள். போன வெள்ளிக்கிழமை இறுதி வரைவு வந்தது. 'ஆராய வேண்டும்' என்று இருக்கிறது. யார் ஆராய்வது, எந்த மாதத்துக்குள் என்றும் இருக்கிறது. முதல் சோதனை இடங்களில் ஒன்று நம் கம்பெனி. முதலாளி முகம் சுளித்தார், ஆனாலும் ஒரு மெஷினின் துவைப்புநீரைச் சோதிக்கச் சம்மதித்திருக்கிறார். அந்த இழைகள் யாருடையவை என்று இன்னும் எனக்குத் தெரியாது. தெரியப் போகிறது.

உன் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். ஆரம்பத்தில் "சாப்பிட்டியாம்மா" என்பதோடு வைத்துவிடுவார். இந்த ஞாயிறு, வரைவு முடிந்த செய்தியைச் சொன்னதும் "நல்லதும்மா" என்றார். பிறகு, "ஏம்மா, மீன்பிடிக்குத் தடை போடுறாகளே, அந்த மாசத்த யாரு முடிவு பண்றது? தண்ணி முன்ன மாதிரி இல்ல. சில மீனு முன்னக்கூட்டியே சினையா வருது. மாசத்த மாத்துறதப் பத்தி அங்க யாரும் பேசுனாகளா?" என்று கேட்டார்.

"தெரியலீங்கப்பா. அடுத்த கூட்டத்துல கேட்டுச் சொல்றேனுங்க" என்றேன். "ஆனா கேள்விய யாரு கேட்டாங்கன்னு பேரு எழுதுவாங்க. உங்க பேரச் சொல்லட்டுமுங்களா?"

அவர் பக்கத்தில் காற்றின் இரைச்சல் குறைந்தது, போனைக் கையால் மறைத்துக்கொண்டார் போலும்.

"எம் பேரு வேணாம்மா. எம் மக கேட்டான்னு சொல்லு."

அப்படியேதான் சொல்லப் போகிறேன்.